வெள்ளவத்தை வீட்டின் பன்னிரண்டு பொற்காசுகள்: ஒரு மதிப்பீட்டின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

2022 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ரூபாவின் பெறுமதி சரிந்ததைத் தொடர்ந்து பவுணின் விலை சில வாரங்களுக்குள் முன் எப்போதும் காணாத அளவுக்கு ஏறியது. கொழும்பில் பல வீடுகளில் தலைமுறைகளாக அலுமாரிக்குள் உறங்கிய பொன் அந்த மாதங்களில் வெளியே வந்தது. நான் இங்கே பதிவு செய்யும் நிகழ்வும் அவ்வாண்டின் ஆகஸ்ட், செப்டெம்பர் மாதங்களில் நடந்தது. பழங்காசு சேகரிப்பில் நெடுங்காலம் ஈடுபட்டவன் என்ற முறையிலேயே ஒரு குடும்பத்தினர் என்னை அணுகினார்கள். அவர்களுடைய ஒப்புதலுடன், அவர்களை அடையாளம் காட்டும் விவரங்களை விலக்கி இதை எழுதுகிறேன்.

தாயார் காலமாகி ஓராண்டு நிறைந்திருந்தது. பிள்ளைகள் மூவரில் மூத்த மகள் வெள்ளவத்தையில் தாயாருடனேயே இருந்தவர். நடுவில் உள்ள மகன் கொட்டாஞ்சேனையிலும், இளைய மகன் கனடாவிலும் வசிக்கிறார்கள். பூசை அறையில் ஒரு சிறிய பித்தளைச் செப்பில், அம்மம்மா காலத்திலிருந்து வந்த பன்னிரண்டு பொற்காசுகள், பெரும்பாலும் பிரித்தானியப் பவுண் காசுகள், இருந்தன. ஆண்டுக்கொருமுறை இலட்சுமி பூசைக்கு வெளியே எடுத்து, குங்குமம் இட்டு, மீண்டும் செப்புக்குள் வைப்பது வழக்கம். மருத்துவச் செலவுக் கடன் ஒன்றை அடைக்க வேண்டியிருந்ததால், காசுகளை விற்று மூவரும் சமமாகப் பிரித்துக்கொள்வது என்று முடிவெடுத்தார்கள்.

செட்டியார் தெருவில் கிடைத்த முதல் விலை

மகளும் மகனும் முதலில் செட்டியார் தெருவில் ஒரு நகைக்கடைக்குச் சென்றார்கள். கடைக்காரர் ஒரு காசின் விளிம்பை உரைகல்லில் உரைத்து மாற்றை, அதாவது பொன்னின் தூய்மையைப் பார்த்தபின், பதினொரு காசுகளை ஒன்றாகத் தராசில் இட்டார். 79.28 கிராம் காட்டியது. அதாவது, எட்டுக் கிராம் கொண்ட கடைப் பவுணில் ஒன்பது பவுணும் ஏழு கிராம் சொச்சமும். 22 காரட் விலையில் நூற்றுக்கு ஐந்து கழித்து ஒரு தொகையைச் சொன்னார். பன்னிரண்டாவது காசில் மற்றப் பவுண் காசுகளில் இருந்த குதிரையும் வீரனும் இல்லாததால், "இது காசில்லை, டோக்கன் போல இருக்கு" என்று சொல்லி அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அக்கடைக்காரர் ஏமாற்ற முயன்றார் என்று நான் கருதவில்லை. அவர் வாங்குவது உருக்குவதற்கான உலோகம். உலோகத்துக்கு உரிய விலையைத்தான் சொன்னார். ஆனால் பழங்காசுக்கு இரண்டு பெறுமதிகள் உண்டு: பொன்னின் பெறுமதி ஒன்று, காசு என்ற முறையில் அதற்குள்ள பெறுமதி மற்றொன்று. ஒன்றாகக் குவித்து நிறுக்கும் தராசு முதலாவதை மட்டுமே காட்டும்.

தொலைபேசியில் நடந்தது

அன்று மாலை மகள் என்னை அழைத்து, காசுகளின் படங்களையும் வட்ஸ்அப்பில் அனுப்பினார். ஆண்டுகளைக் கேட்டு எழுதிக்கொண்டேன். 1917 என்ற ஆண்டைச் சொன்னதும், ஆண்டுக்கு மேலே, குதிரையின் கீழுள்ள தரைக்கோட்டின் நடுவில் ஏதும் சிற்றெழுத்து உள்ளதா என்று கேட்டேன். இல்லை என்றார். அந்த இடத்தில் எழுத்து இல்லாத 1917 ஆம் ஆண்டுப் பவுண் லண்டன் நாணயச்சாலையில் அடிக்கப்பட்டதாகும்; அது அரியது. அவ்வாண்டு லண்டனில் 10,14,714 பவுண்கள் அடிக்கப்பட்ட போதிலும், அவற்றுள் மிகப்பெரும் பகுதி போர்க்காலக் கொடுப்பனவுகளுக்காக அமெரிக்காவுக்குச் சென்று உருக்கப்பட்டது என்பதே பொதுவாக ஏற்கப்பட்ட விளக்கம். "அது உண்மையானதாக இருந்தால் மற்றக் காசுகள் எல்லாவற்றையும் சேர்த்தாலும் அந்த ஒன்றுக்கு ஈடாகாது" என்று சொல்லிவிட்டேன்.

"உண்மையானதாக இருந்தால்" என்ற சொற்கள் அவர்களுடைய காதில் நிற்கவில்லை. நிற்கும் என்று எதிர்பார்த்தது என் தவறு. அதைவிடப் பெரிய தவறு, காசுகளைக் கழுவ வேண்டாம், துடைக்க வேண்டாம் என்று சொல்லாமல் தொலைபேசியை வைத்ததாகும். நான்கு நாள் கழித்து நான் வெள்ளவத்தைக்குச் சென்றபோது, எனக்குக் காட்டுவதற்காக மூன்று காசுகளைப் புளி கரைத்த நீரில் ஊறவைத்து, பழைய பல் தூரிகையால் தேய்த்துப் பளபளப்பாக்கி வைத்திருந்தார்கள்.

மேசையில் கண்டவை

யன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழுமாறு மேசையை நகர்த்தி, மென்மையான வெள்ளைத் துணி விரித்து, காசுகளை விளிம்பில் மட்டும் பிடித்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பத்து மடங்கு லென்ஸ், மில்லிகிராம் காட்டும் சிறு தராசு, கலிப்பர் ஆகியவையே கருவிகள்.

பன்னிரண்டில் பத்து முழுப் பவுண்கள், ஒன்று அரைப் பவுண், ஒன்று வராகன் என்னும் பழைய தென்னிந்தியப் பொற்காசு. முழுப் பவுணின் நியம நிறை 7.988 கிராம், விட்டம் 22.05 மில்லிமீற்றர், பொன் பன்னிரண்டில் பதினொரு பங்கு; எனவே அதனுள் 7.32 கிராம் தூய பொன் உள்ளது. நாம் இங்கே பொன்னை அளக்கும் "பவுண்", தமிழ்நாட்டில் சொல்லும் "சவரன்" ஆகிய இரு சொற்களுமே இக்காசின் பெயரிலிருந்து வந்தவை. பிரித்தானிய சட்டப்படி தேய்ந்து 7.938 கிராமுக்குக் கீழ் இறங்கிய பவுண் செலாவணிக்கு உதவாது. இங்கிருந்தவற்றில் 1905 ஆம் ஆண்டுக் காசு 7.91 கிராம் மட்டுமே இருந்தது. அதன் மேல் விளிம்பில் வளையம் ஒட்டிப் பின்னர் அறுத்து அரம் போட்ட தழும்பு தெரிந்தது. அரைப் பவுணில் வளையம் அப்படியே இருந்தது. பற்றுவைத்த காசு எவ்வளவு பழையதாயினும் சேகரிப்போர் அதற்குப் பொன் விலைக்கு மேல் கொடுப்பதில்லை. பற்றுவைக்கும் பொடியின் மாற்றுக் குறைவு என்பதால் பொன் விலையிலும் சிறிது கழியும்.

தேய்மானத்தை உருவத்தின் உயர்ந்த இடங்களில் பார்க்க வேண்டும். விக்டோரியாவின் காதுக்கு மேலுள்ள கூந்தல் இழைகள், ஏழாம் எட்வர்டின் புருவமும் தாடியும், ஐந்தாம் ஜோர்ஜின் மீசை, மறுபுறத்தில் வீரனின் தலைக்கவசமும் தொடையும் குதிரையின் தோளும் முதலில் மழுங்கும். 1889, 1895, 1908 ஆகிய மூன்றும் நன்கு புழங்கியவை. அவற்றின் கூந்தலும் புருவமும் தட்டையாகியிருந்தன. இவை ஏராளமாக அடிக்கப்பட்ட ஆண்டுகள். இத்தகைய தேய்மானத்துடன் இவற்றுக்குப் பொன் விலையே விலை.

1918 ஆம் ஆண்டுக் காசின் தரைக்கோட்டில் 'ஐ' என்னும் ஆங்கிலச் சிற்றெழுத்து இருந்தது. இது லண்டன் நாணயச்சாலையின் பம்பாய்க் கிளையைக் குறிக்கும். போர்க்காலத்தில் கடல்வழியே பொன்னை அனுப்புவது ஆபத்தாக இருந்தமையால் பம்பாயில் பவுண் அடிக்கத் தொடங்கினார்கள். அந்த ஓராண்டில் மட்டும் 12,95,372 காசுகள் வெளிவந்தன. விலை பெரிதும் உயராது என்றாலும், எங்கள் பிரதேசத்தோடு தொடர்புடையது என்பதால் இங்கே அதை விரும்பிக் கேட்போர் உண்டு.

தேய்க்கப்பட்ட மூன்றும் 1900, 1911, 1913 ஆகியவை. 1911 ஆம் ஆண்டுக் காசின் விளிம்பு வரிகளில் உரைகல் பட்ட தட்டையான இடமும் தெரிந்தது. மூன்றின் வெளிப்பரப்பிலும் ஒரே திசையில் ஓடும் மயிரிழைக் கீறல்கள் நிறைந்திருந்தன. சாய்த்துப் பிடித்தால் அடிக்கப்பட்ட நாளின் மினுக்கம் சக்கரத்தின் ஆரங்கள்போல் சுழலவேண்டிய இடத்தில், எந்தப் பக்கம் திருப்பினாலும் மாறாத ஒரு கண்ணாடிப் பளபளப்பே இருந்தது. முன்னிரண்டில் இழப்புப் பெரிதில்லை. 1913 ஐ நினைத்தே வருந்துகிறேன். மகள் முதல்நாள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, எழுத்துகளின் இடுக்கில் செம்பு கலந்த பொன்னுக்கே உரிய செந்நிறப் படிவும், மீசையில் சிதையாத இழைகளும் தெரிந்தன. ஏறத்தாழப் புழங்காத காசு அது. நூறாண்டுக்கு மேல் ஒரு செப்புக்குள் இருந்து காப்பாற்றப்பட்ட மேற்பரப்பு கால் மணி நேரத்தில் போய்விட்டது. போனதைத் திரும்பப் பெற வழியில்லை.

1917

எல்லோருடைய கண்ணும் இதன் மீதே இருந்தது. நிறை 7.991 கிராம். விட்டம் 22.0. பொன்னின் அடர்த்தியை நீரில் நிறுத்துப் பார்த்தேன்: மெல்லிய நைலோன் நூலில் காசைத் தொங்கவிட்டு, ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம் கலந்த நீரில் அமிழ்த்தினால் குமிழிகள் ஒட்டாது. நீரில் இழந்த நிறை 0.453 கிராம், எனவே அடர்த்தி 17.6. செம்பு கலந்த 22 காரட் பொன்னுக்கு அதுவே சரியான எண். மறுநாள் புறக்கோட்டையில் எக்ஸ் கதிர்க் கருவி உள்ள ஓர் இடத்தில் வைத்துப் பார்த்தபோது பொன் நூற்றுக்கு 91.6 என்று காட்டியது. அக்கருவி மேற்பரப்பின் மிக மெல்லிய படலத்தை மட்டுமே படிப்பதால் தனியே நம்பத்தக்கதன்று. ஆனால் அடர்த்தியும் அதனோடு ஒத்துப்போனபடியால், உள்ளும் புறமும் 22 காரட் பொன்தான் என்பதில் ஐயம் இருக்கவில்லை. மகன் அத்துடன் மகிழ்ந்துவிட்டார்.

லென்ஸ் வேறொன்றைச் சொன்னது. முதலில் தரைக்கோட்டைப் பார்த்தேன். சிட்னி, மெல்பேண், பேர்த் முதலிய கிளைகளும் அவ்வாண்டில் பவுண் அடித்திருப்பதால், அவற்றின் எழுத்தைச் சுரண்டி எடுத்து லண்டன் காசாக்குவதுண்டு. சுரண்டிய தடம் இல்லை. ஆனால் அரசரின் கழுத்து வெட்டில் இருக்கவேண்டிய சிற்பியின் முதலெழுத்துகள் கரைந்த மெழுகுபோல் இருந்தன. சுற்றெழுத்துகளின் ஓரங்கள் நேராக எழாமல் உருண்டு வெளிப்பரப்பில் சரிந்தன. முகத்துக்கு முன்னுள்ள வெற்றிடத்தில் இரண்டு சிறு மேடுகள் இருந்தன. அச்சில் குழி இருந்தால்தான் காசில் மேடு வரும். விளிம்பு வரிகள் சில இடங்களில் ஆழமாகவும் சில இடங்களில் மெலிந்தும் ஓடின. தேய்மானம் உயர்ந்த இடங்களை மழுக்கும். தாழ்ந்த இடங்களிலுள்ள எழுத்தின் அடியை மழுக்காது. இங்கே மீசை கூர்மையாக இருக்க, எழுத்தின் அடி மழுங்கியிருந்தது. ஐயத்துக்கு இடமில்லாதபடி, என்னிடமுள்ள 1916 ஆம் ஆண்டுக் காசு ஒன்றையும், ஒரு நண்பரிடமிருந்து இரவல் பெற்ற 1917 ஆம் ஆண்டுச் சிட்னிக் காசு ஒன்றையும் பக்கத்தில் வைத்து ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டேன். நண்பரும் தனியாகப் பார்த்து அதே முடிவுக்கு வந்தார்.

பொன் மெய்யாக இருந்தும் காசு போலியாக இருப்பது எவ்வாறு என்று மகன் கேட்டார். நியாயமான கேள்வி. 1950 களிலும் 60 களிலும் பவுண் காசு அதிலுள்ள பொன்னின் விலையைவிடக் கூடுதலாக விற்றது. அந்த இடைவெளியை இலாபமாக்கும் பொருட்டு பெய்ரூத்திலும் இத்தாலியிலும் சிலர் முழு மாற்றுப் பொன்னிலேயே பவுண்களை அடித்தார்கள். உரைகல்லுக்கும் தராசுக்கும் அவை பிடிபடா. அப்போதுதான் மகளுக்கு நினைவு வந்தது: மற்றவை அம்மம்மாவுக்குச் சீதனமாக வந்தவை, இந்த ஒன்று மட்டும் தாயாரின் திருமணத்துக்காக 1960 களில் வெளியே வாங்கியது. அந்தத் தகவலை நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும்.

டோக்கன் என்று ஒதுக்கப்பட்ட காசு

திருப்பிக் கொடுக்கப்பட்ட பன்னிரண்டாவது காசைக் கடைசியாகவே என் கையில் கொடுத்தார்கள். பெறுமதியற்றது என்று நம்பியதால் அதைக் கழுவவும் இல்லை. குங்குமம் எழுத்துகளுக்குள் இறுகியிருந்தது. ஒருபுறம் தலையில் தழைமாலை சூடிய இளம் விக்டோரியா. மறுபுறம் இலைவளையத்தின் நடுவில் ஆஸ்திரேலியா என்ற பெயர், அதன் மேல் முடி, வளையத்துக்கு வெளியே மேலே சிட்னி நாணயச்சாலை, கீழே ஒரு பவுண் என்னும் ஆங்கில எழுத்துகள். ஆண்டு 1866. சிட்னியில் 1855 ஆம் ஆண்டு நாணயச்சாலை திறக்கப்பட்டது முதல் 1870 வரை அடிக்கப்பட்டவற்றுக்கு மறுபுறத்தில் லண்டன் காசுகளிலிருந்து முற்றிலும் வேறான இந்த வடிவமே இருந்தது. அரசியின் தலையிலுள்ள தழை, ஆஸ்திரேலியாவுக்கே உரிய பேங்சியா என்னும் மரத்தினுடையது.

நிறை 7.932 கிராம், நீரில் இழந்தது 0.443, அடர்த்தி 17.9. செம்பு கலந்த பவுணைவிடச் சற்றுக் கூடுதலான இந்த எண் முதலில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது. ஆனால் காசின் நிறமும் மற்றவற்றைவிட மஞ்சளாகவே இருந்தது. சிட்னியின் தொடக்ககாலக் காசுகளில் செம்புக்குப் பதிலாக வெள்ளி கலந்தார்கள். வெள்ளி செம்பைவிடக் கனமானது. எக்ஸ் கதிர்க் கருவியும் வெள்ளியையே காட்டியது. கடைக்காரரின் ஐயத்துக்குக் காரணமாக இருந்திருக்கக்கூடிய நிறமே எனக்குச் சான்றாயிற்று. எழுத்துகள் நிமிர்ந்து நின்றன. கூந்தல் உயரங்கள் மிதமாகத் தேய்ந்திருந்தன. கீறல், பற்று, அரம் எதுவும் இல்லை. இயல்பாகப் புழங்கி, பின்னர் யாரும் கைவைக்காமல் விட்ட காசு. செப்பிலிருந்த அனைத்திலும் இதுவே சிறந்தது.

வராகனைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நிறை 3.38 கிராம்; ஒருபுறம் திருமால், மறுபுறம் மணிமணியான பரப்பின் நடுவே நட்சத்திரம். சென்னையில் கிழக்கிந்தியக் கம்பனி வெளியிட்ட வகையைச் சேர்ந்தது. இதன் மாற்று 22 காரட்டுக்குக் குறைவு. எனவே மற்றவற்றோடு சேர்த்து நிறுத்தது பொன் கணக்கிலும் சரியன்று.

எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணங்களும்

முதல் முடிவு, எந்தக் காசையும் இனித் தேய்ப்பதில்லை என்பது. சிட்னிக் காசிலும் வராகனிலும் இருந்த குங்குமத்தை மட்டும், காய்ச்சி வடித்த நீரில் இரண்டு நாள் ஊறவைத்து, தேய்க்காமல் நீரை மாற்றி மாற்றி அகற்றினோம். வராகனின் மணிப்பரப்பில் எஞ்சிய சிறிதளவு சிவப்பை அப்படியே விட்டோம். அக்குங்குமம் காசுக்குத் தீங்கு செய்யவில்லை. அதை எடுக்கும் ஊசி தீங்கு செய்திருக்கும்.

இரண்டாவது, காசுகளைத் தனித்தனித் தாள் உறைகளில் இட்டு, ஒவ்வொன்றுக்கும் நிறை, விட்டம், குறை, விலை அடிப்படை ஆகியவற்றை எழுதினோம். மூவரில் ஒருவர் கனடாவில் இருந்தபடியால் ஒவ்வொரு காசின் இருபுறப் படத்தையும் அவருக்கு அனுப்பினோம். பங்கு பிரிக்கும் காரியத்தில் தூரத்திலுள்ளவருக்கு ஐயம் எழாதிருப்பது விலையைப் போலவே முக்கியம்.

மூன்றாவது முடிவே கடினமானது. 1917 ஆம் ஆண்டுக் காசை ஒன்றும் சொல்லாமல் படத்தோடு விற்பனைக்கு வைக்கலாம், வாங்குபவர் பார்த்து முடிவு செய்யட்டும் என்று இளைய மகன் சொன்னார். கடன் அழுத்தம் இருந்தது. அவரை நான் குறைசொல்லவில்லை. ஆனால் போலி என்று அறிந்தபின் அறியாததுபோல் விற்பது ஏமாற்று என்பதைத் தெளிவாகச் சொன்னேன். அப்படிச் செய்தால் என் மதிப்பீட்டுக் குறிப்பை வேறெந்தக் காசுக்கும் பயன்படுத்தக்கூடாது என்றும் சொன்னேன். மூத்த மகள், "அம்மா பூசையில வைச்ச காசு ஐயா, அதை வைச்சுப் பொய் சொல்ல மாட்டம்" என்றார். அத்துடன் அப்பேச்சு முடிந்தது.

நான்காவது, சிட்னிக் காசை வெளிநாட்டுத் தரப்படுத்தும் நிறுவனம் ஒன்றுக்கு அனுப்புவதா என்பது. தரச்சான்று இருந்தால் விலை கூடும். ஆனால் காப்புறுதி, அனுப்புச் செலவு, கட்டணம் ஆகியவை கூடும் தொகையின் பெரும்பகுதியை விழுங்கிவிடும். பல மாதங்களும் ஆகும். இந்தத் தேய்மான நிலையிலுள்ள காசுக்கு அது தேவையில்லை என்று கருதி, கொழும்பிலேயே விற்குமாறு கூறினேன். வராகனை இளையவர் கனடாவுக்குக் கொண்டுபோக விரும்பினார். 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2 க்கு முற்பட்ட பொருள்களைத் தொல்பொருள் என வரையறுக்கிறது. அவற்றை அனுமதிப்பத்திரம் இன்றி நாட்டுக்கு வெளியே கொண்டுசெல்ல முடியாது. இந்த வகை வராகன் அக்காலத்துக்கு முற்பட்டது. ஆகவே அது இங்கேயே இருக்கட்டும் என்று மூவரும் ஒப்புக்கொண்டார்கள்.

பின்னர் நடந்தவை

சிட்னிக் காசைக் கொழும்பில் உள்ள ஒரு சேகரிப்பாளர், அன்றைய பொன் விலையைவிட ஐந்தில் இரண்டு பங்கு கூடுதலாகக் கொடுத்து வாங்கினார். பம்பாய்க் காசுக்குச் சிறிதளவு கூடுதல் கிடைத்தது. உறவினர் வீட்டுத் திருமணத்துக்குத் தாலிக்கொடியில் கோக்க இரண்டு பவுண் காசுகள் தேவைப்பட்டன. 1908, 1911 ஆகியவற்றைக் கழிவு இல்லாமல் முழுப் பொன் விலைக்கு அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். உரைகல் தழும்போ துலக்கிய கீறலோ அவர்களுக்கு ஒரு பொருட்டன்று. அக்காசுகளுக்கு அது நல்ல இடம் என்றே நினைக்கிறேன். 1889, 1895, 1900, 1905, 1913 ஆகிய ஐந்தும் செட்டியார் தெருவிலேயே, காசு காசாக நிறுத்து விற்கப்பட்டன. 1913 க்கும் மற்ற நான்குக்கும் ஒரே விலைதான் கிடைத்தது.

வராகனையும் வளையம் வைத்த அரைப் பவுணையும் மூத்த மகள் தம் பங்கில் கழித்து வைத்துக்கொண்டார். 1917 ஐ மகன் பொன் விலைக்குத் தம் பங்கில் எடுத்துக்கொண்டார். வைத்துக்கொண்டவற்றின் பெறுமதியையும் சேர்த்துப் பார்த்தால், முதலில் சொல்லப்பட்ட தொகையைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகக் கிடைத்தது. அக்கூடுதலின் பெரும்பகுதி, டோக்கன் என்று ஒதுக்கப்பட்ட அந்த ஒரு காசினால் வந்தது. இருந்தும் மகனின் முகத்தில் ஏமாற்றமே மிஞ்சியது. தொலைபேசியில் நான் சொன்னதைக் கேட்ட நாளிலிருந்து, கடன் முழுவதும் அடைந்துவிடும் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார். கடனில் ஒரு பகுதி பின்னரும் மீந்தது.

அடுத்த முறை மாற்றிச் செய்வன

காசைக் கையில் எடுக்கும் முன் விலை பற்றி ஒரு சொல்லும் சொல்வதில்லை. அரிய ஆண்டு என்று தோன்றினாலும் அதை வெளிக்காட்டுவதில்லை. முதல் அழைப்பில் சொல்ல வேண்டியது இவ்வளவே: கழுவாதீர்கள், துடைக்காதீர்கள், உரைக்கக் கொடுக்காதீர்கள், இருக்கும் செப்பிலேயே இருக்கட்டும். இதை இப்போது எழுதியே அனுப்புகிறேன், ஏனெனில் தொலைபேசியில் கேட்ட செய்திகளில் விலை மட்டுமே நினைவில் தங்குகிறது.

இரண்டாவதாக, ஒவ்வொரு காசும் யாரிடமிருந்து, எக்காலத்தில் வீட்டுக்கு வந்தது என்பதை லென்ஸை எடுக்கும் முன்பே கேட்கிறேன். சீதனமாக வந்ததற்கும் 1960 களில் வாங்கியதற்கும் உள்ள வேறுபாட்டை அறிந்திருந்தால், 1917 ஐப் பற்றிய எச்சரிக்கையை முதல் நாளிலேயே கொடுத்திருப்பேன்.

மூன்றாவதாக, ஒதுக்கப்பட்டதை முதலில் பார்க்கிறேன். கடைசியாகப் பார்க்கும்போது கண் களைத்திருக்கும். அன்று யன்னல் வெளிச்சம் குறைந்துகொண்டிருந்ததால், சிட்னிக் காசை மறுநாள் மீண்டும் ஒருமுறை பார்க்க வேண்டியிருந்தது.

1917 ஆம் ஆண்டுக் காசு இப்போதும் கொட்டாஞ்சேனையில் மகனிடமே இருக்கிறது. அதன் உறையில், "22 காரட் பொன், 7.991 கிராம், லண்டன் நாணயச்சாலையில் அடித்ததன்று, பொன் விலைக்கு மட்டும்" என்று எழுதி, நானும் நண்பரும் திகதியிட்டு ஒப்பமிட்டிருக்கிறோம்.